பொட்டு வைத்த புல்லியும் செல்வத்தின் ஆர்.பி.எம். மீட்டரும்

போன மாதம் ஒரு நாள் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது தீபா போன் செய்தாள். நான் வேலை பார்த்த குரோம்பேட்டை ஒர்க்‌ஷாப்பில் இப்போது மீட்டர் வேலைகளைப் பார்ப்பவள் அவள்தான். “அக்கா, ஒரு பழைய ஜீப்பு வந்திருக்கு. பெட்ரோல் எஞ்சினை எடுத்துட்டு டீசல் எஞ்சின் போட்டிருக்காங்க. எல்லாம் ஓடுது, ஆர்.பி.எம். மீட்டர் மட்டும் அசைய மாட்டேங்குது. லேப்டாப்பை மாட்டிப் பாக்கலாம்னா மாட்டறதுக்கு இடமே இல்லக்கா” என்றாள்.

“லேப்டாப்பை மூடி வை. ஆல்டர்னேட்டரைக் கழட்டு, சொல்றேன்” என்று அடுப்பை அணைத்தேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் சாப்பாடு தாமதம். என் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். உட்காரட்டும். சாயங்காலம் தீபா ஒரு வீடியோ அனுப்பினாள். ஜீப்பின் ஊசி ஜம்மென்று ஏறி இறங்கியது. கூடவே, “செல்வம் அண்ணன் வண்டி கதையை எழுதிக் கொடுங்கக்கா, இங்க புதுசா வந்தவங்க கேக்கறாங்க” என்று ஒரு செய்தியும் வந்தது. கேட்டுவிட்டார்கள், எழுதுகிறேன்.

நான் ஐ.டி.ஐ.யில் இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக் படித்தவள். படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கேபிளுக்கு கிரீஸ் வைத்தேன், திட்டு வாங்கினேன், கற்றுக்கொண்டேன். ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்த புதிதில் டிரைவர்கள் என்னிடமே வந்து, “மீட்டர் மெக்கானிக் எங்கம்மா?” என்று கேட்பார்கள். நான்தான் என்பேன். நம்பாமல் உள்ளே போய் வேறு ஆளைத் தேடிவிட்டு, அசடு வழியத் திரும்பி வருவார்கள். நான் ஓய்வு பெறும்போது அனகாபுத்தூரிலிருந்து தாம்பரம் தாண்டி வண்டலூர் வரைக்கும் ‘மீட்டர் அக்கா’ என்றால் தெரியும். பெருமை அடித்துக்கொள்கிறாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். உழைத்துச் சம்பாதித்த பெருமை, அடித்துக்கொண்டால் என்ன?

எங்கள் ஃபோர்மேன் டேனியல் சாரைப் பற்றிச் சொல்லாமல் என் வேலையைப் பற்றிப் பேச முடியாது. விமானப்படையில் மீட்டர்கள், கருவிகள் பார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்று எங்களிடம் வந்தவர். எப்போதும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். ஒரு மீட்டரைப் பார்க்க வேண்டுமென்றால் கையை அவிழ்க்காமல் இடுப்பை மட்டும் வளைத்து, பிறந்த குழந்தையைப் பார்ப்பது போலக் குனிந்து பார்ப்பார். கையைத் துணியில் துடைக்காமல் எந்த மீட்டரையும் தொட மாட்டார், நம்மையும் தொட விட மாட்டார். குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. தப்பாக ஏதாவது சொன்னால், “அப்படியா?” என்பார். அதோடு சரி. அந்த ‘அப்படியா’வுக்கு, நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருக்கும்.

ஒருமுறை ஒரு கல்லூரிப் பேருந்து வந்தது. எஞ்சின் சூட்டைக் காட்டும் மீட்டர் எப்போதும் சிவப்புக் கோட்டிலேயே நிற்கிறது, மீட்டர் கெட்டுப்போச்சு, மாற்றிக் கொடுங்கள் என்றார் டிரைவர். நானும் புது மீட்டர் எடுத்து வந்தேன். “கெட்டுப்போச்சா? அப்படியா?” என்றார் சார். பக்கத்து டீக்கடையில் ஒரு பாத்திரம் வாங்கி வரச் சொல்லி, வெந்நீர் கொதிக்க வைத்து, அந்த மீட்டரின் சென்சாரை அதில் முக்கச் சொன்னார். கூடவே ஒரு தெர்மாமீட்டர். இரண்டும் ஒரே அளவைக் காட்டின. மீட்டருக்கு ஒன்றும் இல்லை, எஞ்சின்தான் உண்மையாகவே கொதித்துக்கொண்டிருந்தது. ரேடியேட்டரைத் திறந்து பார்த்தால் உள்ளே பாதி அடைத்துக் கிடந்தது. “ஒண்ணு சொல்றதை இன்னொண்ணு ஒத்துக்கணும். ரெண்டு சாட்சி இல்லாம மீட்டரை நம்பவும் நம்பாதே, பழிக்கவும் பழிக்காதேம்மா” என்றார். இதை நான் தீபாவுக்கும் சொல்லியிருக்கிறேன். அவள் கேட்டு அலுத்திருப்பாள்.

இனி செல்வம்.

செல்வத்துக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது, பேசவும் வராது. கோவளம் பக்கத்து மீனவக் குடும்பம். மனைவி பவானி தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்பவள். விடிகாலையில் கரையில் மீன் எடுத்து, ஐஸ் பெட்டிகளோடு வேனில் ஏற்றி மார்க்கெட்டுக்குக் கொண்டுவருவது செல்வத்தின் வேலை. முறையாக லைசென்ஸ் வாங்கி ஓட்டுபவர். பளிச்சென்று உடுத்துவார். டேஷ்போர்டைத் துடைக்கத் தனியாக ஒரு மஞ்சள் துணி வைத்திருப்பார். ஆட்களைக் கிண்டல் செய்வதில் கெட்டிக்காரர். பெயரை வாயால் சொல்ல முடியாதல்லவா, அதனால் எல்லோருக்கும் கையால் ஒரு பெயர் வைத்திருந்தார். பவானியின் தம்பி ஏழுமலைக்கு மீசை முறுக்குவது. டேனியல் சாரைப் பார்த்த முதல் நிமிடத்திலேயே கைகளைப் பின்னால் கட்டி இடுப்பை வளைத்துக் காட்டினார். சார் சிரித்துவிட்டார். எனக்கு மட்டும் பெயர் இல்லை. விரலை நீட்டி ‘இந்த அம்மா’ என்பதோடு சரி.

அவருடைய வேனின் பழைய பெட்ரோல் எஞ்சின் தேய்ந்துபோய், வேறொரு பட்டறையில் அனுமதியெல்லாம் வாங்கி டீசல் எஞ்சினுக்கு மாற்றியிருந்தார்கள். எஞ்சின் வேலை சுத்தமாகத்தான் இருந்தது. ஆர்.பி.எம். மீட்டர் மட்டும் செத்துக் கிடந்தது. எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டுவது அது. பெரும்பாலான டிரைவர்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். எஞ்சின் சத்தம் ஏறினால் கியரை மாற்றுவார்கள், முக்கினால் இறக்குவார்கள். வேலையைக் காது பார்த்துக்கொள்ளும். செல்வத்துக்கு அந்த ஊசிதான் காது. முன்பெல்லாம் ஊசியும், பாதத்தில் தெரியும் அதிர்வும் போதுமானதாக இருந்தது. டீசல் எஞ்சினோ வண்டி நின்றாலும் நடுங்குகிறது, ஓடினாலும் நடுங்குகிறது. பாதத்துக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

வண்டியோடு செல்வம், பவானி, ஏழுமலை மூன்று பேரும் வந்திருந்தார்கள். ஏழுமலைதான் முதலில் பேசினான்.

“இன்னா மேடம், இந்த மீட்டரு இல்லாம ஊர்ல வண்டியே ஓடலியா? எஞ்சின் மாத்தி எட்தாந்த அன்னிக்கு செகண்ட் கியர்லயே கத்திகினு வருது. மாமாவுக்குத் தெரியல. நான்தான் பின்னாடி குந்திகினு தோளைத் தட்டித் தட்டி மாத்த வெச்சேன். ஒரு நாளு நான் இல்லன்னா எஞ்சின் இன்னாவும்? நானே ஓட்டிக்கறேன். மாமா பக்கத்துல சும்மா வரட்டும்.”

அவன் சொன்னதிலும் தப்பில்லை. டீசல் எஞ்சினை அளவுக்கு மேல் சுற்றவிட்டால் உள்ளே உடைந்துவிடும். பவானி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, “எவ்ளோ வருசமா ஓட்டறாரு, ஒரு கோடு விழுந்ததில்ல. அவரைத் தூக்கி ஓரமா குந்த வைக்க சொல்றான் இவன். ஸ்டீரிங்கை வாங்கிட்டீங்கன்னா அந்த மனுசன் ஆளாவே இருக்க மாட்டாருக்கா” என்றாள்.

செல்வம் எங்கள் வாய்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் முன்னால் வந்து, தன் வலது தோளைத் தானே தட்டிக் காட்டினார், ஒருமுறை, இரண்டுமுறை, மூன்றாவது முறை. முகத்தில் அப்படி ஒரு அருவருப்பு. விளக்க ஆள் தேவைப்படவில்லை. ‘இந்தத் தட்டு எனக்கு வேண்டாம்’ என்கிறார். டிரைவர்கள் என்னைத் தாண்டி வேறு மெக்கானிக்கைத் தேடிப் போன நாட்கள் நினைவுக்கு வந்தன. ஊசியை ஓட வைக்காமல் இந்த வண்டியை வெளியே விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

மீட்டர் ஏன் செத்தது என்பது சுலபம். பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி உண்டு. ஒவ்வொரு பொறிக்கும் ஒரு மின்துடிப்பு மீட்டருக்குப் போகும், அதை எண்ணி ஊசி நகரும். டீசலில் பொறியே கிடையாது. மீட்டரின் ஒயர் எண்ண ஒன்றும் இல்லாமல் அநாதையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. வேறு எங்கிருந்தாவது துடிப்பைக் கொண்டுவர வேண்டும்.

அதற்குத்தான் ஆல்டர்னேட்டர். பேட்டரிக்கு சார்ஜ் கொடுக்கும் சாதனம், எஞ்சினோடு பெல்ட் போட்டுச் சுற்றுவது. அதன் உள்ளே மின்சாரம் அலை அலையாகத்தான் பிறக்கிறது. பேட்டரிக்குப் போகும் முன் டயோடுகள் அதை நேராக்கிவிடும். நேராவதற்கு முன்னால் ஒரு ஒயரை ஈயத்தால் பற்ற வைத்து வெளியே எடுத்தால், அந்த அலைகளை எண்ணலாம். கழற்றி, துடைத்து, சரியான முனையைத் தேடி ஈயம் வைத்தேன். டேனியல் சார் கையைக் கட்டியபடி குனிந்து பார்த்து, “ஒயர் உள்ளே எங்கயும் உரசாதில்ல?” என்று மட்டும் கேட்டார். உரசாது என்றேன்.

அடுத்தது ஒரு சின்ன சர்க்யூட். பெட்ரோல் பொறியைவிட ஆல்டர்னேட்டர் அலைகள் ஒரு சுற்றுக்கு எத்தனையோ மடங்கு அதிகம். அப்படியே கொடுத்தால் ஊசி கடைசிக்கு ஓடிப்போய் முட்டிக்கொண்டு நிற்கும். அலைகளைக் குறைத்துக் கொடுக்கும் சர்க்யூட்டை நானே கட்டினேன். அதில் ஒரு பொடி ஸ்குரூ. அதைத் திருகினால் ஊசி காட்டும் அளவு ஏறும், இறங்கும். எந்த அளவுக்குத் திருகுவது? அதற்குக் கைமீட்டர் இருக்கிறது. எஞ்சினின் முன்பக்கப் புல்லியில், அதாவது பெல்ட் ஓடும் அந்தக் கறுப்புச் சக்கரத்தில், மினுமினுக்கும் ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டி, கைமீட்டரின் ஒளியை அதன் மேல் அடிக்க வேண்டும். ஸ்டிக்கர் ஒருமுறை மின்னினால் ஒரு சுற்று.

எஞ்சினை ஓட விட்டு ஒளியை அடித்தேன். ஆயிரத்து அறுநூறு என்று காட்டியது. வண்டி சும்மா நிற்கும்போது எஞ்சின் எண்ணூறு அளவில்தான் சுற்ற வேண்டும். மறுபடி அடித்தேன், எண்ணூறு. இன்னொரு முறை, ஆயிரத்து அறுநூறு. எஞ்சின் என்னவோ ஒரே நிதானத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கைமீட்டருக்குப் புது பேட்டரி போட்டேன். மறுபடியும் அதே பேஜார்.

“காதுல கேட்டாலே தெரியுதே மேடம், பொறுமையாத்தான் ஓடுது. எண்ணூறுன்னு வெச்சு ஸ்குரூவைத் திருகி வுட்டுடுங்க. யாரு கேக்கப்போறாங்க?” என்றான் ஏழுமலை.

“அப்படியா?” என்றார் டேனியல் சார். ஏழுமலைக்கு அதன் அர்த்தம் தெரியாது. எனக்குத் தெரியும்.

என் காதுக்கும் அது எண்ணூறாகத்தான் கேட்டது. வேறு வண்டியாக இருந்தால் ஒருவேளை கைமீட்டரைத் திட்டிவிட்டு அப்படியே திருகியிருப்பேனோ என்னவோ. ஆனால் என் காதை நம்பி வைக்கும் ஊசியை, காதே கேட்காத மனிதர் நம்பி ஓட்டப்போகிறார். வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும்போது நான் போட்ட உத்தேசம் சின்னதாக இருக்கலாம்; பாலம் ஏறும்போது அதுவே பெரிதாகிவிடும். “உத்தேசம் இந்த வண்டிக்கு ஆகாது” என்று சொல்லி எஞ்சினை நிறுத்தச் சொன்னேன்.

கைமீட்டரில் ஒரு பொட்டு விளக்கு உண்டு. ஸ்டிக்கரைப் பார்க்கும்போதெல்லாம் அது ஒருமுறை மினுக்கும். செல்வத்திடம் பெரிய ஸ்பேனரைக் கொடுத்து, புல்லியைக் கையால் மெதுவாகச் சுற்றும்படி சைகை காட்டினேன். நான் ஒளியைப் பிடித்துக்கொண்டேன். சுற்றினார். ஸ்டிக்கர் வந்தது, விளக்கு மினுக்கியது. அரைச் சுற்று போனது. ஸ்டிக்கரே இல்லாத இடத்தில் விளக்கு இன்னொருமுறை மினுக்கியது. எங்கள் இருவர் கண்ணும் ஒரே நேரத்தில் அதைப் பார்த்தன. செல்வம் ஸ்பேனரை விட்டுவிட்டுக் குனிந்து அந்த இடத்தில் விரலை வைத்தார். விரலை எடுத்தபோது நுனியில் சந்தனமும் குங்குமமும் ஒட்டியிருந்தன.

பவானி நாக்கைக் கடித்துக்கொண்டாள். “புது எஞ்சினுக்கு நான்தாங்கா பொட்டு வெச்சேன். ரேடியேட்டருக்கு, பேட்டரிக்கு, வட்டமா இருந்ததுக்கெல்லாம் வெச்சேன்.”

பாவம், ஆசையாகக் கெட்டியாகவே வைத்திருக்கிறாள். கறுப்புப் புல்லியில் காய்ந்து வெளுத்த சந்தனம். கைமீட்டர் அதை ஒரு சமயம் ஸ்டிக்கர் என்று எண்ணியது, ஒரு சமயம் விட்டுவிட்டது. கைமீட்டர் மேல் குற்றமே இல்லை. நாம் காட்டியதைத்தான் அது எண்ணியிருக்கிறது.

துணியை எடுத்தேன். பவானி என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா, வேணாங்கா. வெச்ச பொட்டை அழிக்கறதா?” ஏழுமலையும், “புது எஞ்சின் மேடம். அபசகுனமா பூடும்” என்றான். அதுவரை அக்காவோடு எதிலும் ஒத்துப்போகாதவன் இதில் ஒத்துப்போனான்.

எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்தது, அடக்கிக்கொண்டேன். நானும் நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டிருப்பவள்தானே. “அழிக்க வேணாம் பவானி, இடம் மாத்திக்கலாம். முதல்ல புது இடத்துல வை. வெச்ச பிறகு இதைத் துடைப்போம். எஞ்சின் ஒரு நிமிஷம்கூடப் பொட்டு இல்லாம இருக்காது” என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. பர்சிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்தாள். எங்கே வைப்பது என்று யோசித்து, நேராக ஆர்.பி.எம். மீட்டரிடம் போனாள்.

“கண்ணாடி மேல வேண்டாம்மா, ஊசி தெரியணும். ஃபிரேம்ல வை” என்றார் டேனியல் சார், கையை அவிழ்க்காமல். அவர் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். அவர் சொன்ன இடத்தில் பவானி பொட்டு வைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதன் பிறகு புல்லியை அவளே துடைத்தாள்.

மறுபடி எஞ்சினை ஓட்டினோம். கைமீட்டர் எண்ணூறை விட்டு அசையவில்லை. இரண்டாவது சாட்சிக்கு, எஞ்சினை நிறுத்தி, புல்லி ஒரு சுற்று சுற்ற ஆல்டர்னேட்டர் எவ்வளவு சுற்றுகிறது என்று சாக்பீஸ் கோடு போட்டுப் பார்த்து, அலைகளைக் கணக்குப் போட்டேன். கணக்கும் கைமீட்டரும் ஒத்துப்போயின. அதற்குப் பிறகுதான் ஸ்குரூவைத் தொட்டேன். மெல்லவும் வேகமாகவும் ஓடவிட்டுப் பார்த்து, அது அசையாதபடி வார்னிஷ் வைத்தேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. செல்வம் எண்களைப் பார்ப்பவர் இல்லை. ஊசி செங்குத்தாக நின்றால் கியரை மாற்றுவது என்பது அவருக்குக் கண்ணிலும் கையிலும் ஊறிய பழக்கம். டீசல் எஞ்சினுக்கு அதற்கு முன்பே மாற்றியாக வேண்டும். ஸ்குரூவைக் கொஞ்சம் ஏற்றித் திருகி, ஊசியைச் சீக்கிரம் நிமிர வைத்துவிடலாமா என்று பவானி கேட்டாள். சார் என்னைப் பார்த்தார். மீட்டரைப் பொய் சொல்ல வைப்பது எங்கள் தொழிலில் இல்லை. கொஞ்ச நேரம் அந்த வட்ட மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் இருந்த கிளிப்பைத் தளர்த்தி, மீட்டரையே அதன் குழியில் ஒரு திருப்புத் திருப்பினேன். எண்கள் சாய்ந்துபோயின. ஆனால் டீசலுக்குக் கியர் மாற்ற வேண்டிய இடம் இப்போது உச்சியில் வந்து நின்றது. ஊசி சொல்வதும் உண்மை, செல்வத்தின் கண்ணுக்கும் அதே பழைய செங்குத்து.

டேனியல் சார் கைகளைப் பின்னாலிருந்து எடுத்து, துணியில் துடைத்து, மீட்டரின் விளிம்பை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். “நல்லா இருக்கும்மா” என்றார். என் பணிக்காலம் முழுக்க அவர் அப்படிச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். நான் செல்வத்தின் பக்கத்தில், பின்னால் ஏழுமலையும் பவானியும். ஜி.எஸ்.டி. ரோட்டில் வழக்கமான நெரிசல். ஏழுமலை சீட்டின் நுனியில் உட்கார்ந்திருந்தான், வலது கையைத் தயாராக வைத்துக்கொண்டு. முதல் கியரில் சத்தம் ஏறியது. கண்ணாடியில் அவன் கை தூக்குவதைப் பார்த்தேன். ஊசி நிமிர்ந்தது, செல்வம் மாற்றிவிட்டார். இரண்டாவது கியர். மறுபடி கை எழுந்தது, தோளைத் தொடுவதற்குள் கியர் விழுந்தது. தாம்பரம் மேம்பாலம் ஏறும்போது முன்னால் ஒரு லாரி மெதுவாகப் போனது. எஞ்சின் முக்கத் தொடங்கியதும், “மாமா” என்று ஏழுமலை வாய்விட்டே கூப்பிட்டுவிட்டான். கேட்காத மாமா, ஊசி இறங்குவதைப் பார்த்துக் கியரை ஏற்கெனவே இறக்கியிருந்தார்.

பாலத்தின் உச்சியில் ஏழுமலை கையை மடியில் வைத்துக்கொண்டான். சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தான். பவானி அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கும் கண் கலங்கியது, ஒப்புக்கொள்கிறேன்.

ஒர்க்‌ஷாப்பில் வண்டி நின்றதும் ஏழுமலை இறங்கி முன்பக்கம் வந்தான். சாவியைக் கேட்கப்போகிறானோ என்று பார்த்தேன். “மாமாவே ஓட்டட்டும் மேடம். என்னாண்ட காது கீதுதான், ஆனா நான் இவ்ளோ கரீட்டா மாத்த மாட்டேன்” என்றான். ஆல்டர்னேட்டர் பெல்ட் தளர்ந்தால் ஊசி குறைத்துக் காட்டும் என்பதால், கட்டைவிரலால் பெல்ட்டை அழுத்திப் பார்க்க செல்வத்துக்குச் சொல்லிக் கொடுத்தேன். அதையும் ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார்.

கிளம்பும்போது அவர் பவானியின் தோளைத் தொட்டு, என்னைக் காட்டி, ஆள்காட்டி விரலைச் சாய்த்துப் பிடித்து மெல்ல மெல்ல நிமிர்த்தி நேராக நிறுத்தினார். மீட்டர் நன்றாக ஓடுகிறது என்கிறார் என்று நினைத்து, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன்.

பவானி சிரித்தாள். “அது மீட்டரு இல்லக்கா. உங்க பேரு.”

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். டேனியல் சாரும் வீட்டில்தான் இருக்கிறார். தாம்பரம் மார்க்கெட்டுக்கு மீன் வாங்கப் போனால், பஸ்களின் ஹாரனிலும் கூவி விற்கும் சத்தத்திலும் யாராவது ‘மீட்டர் அக்கா’ என்று கூப்பிட்டால் எனக்குக் காதில் விழுவதில்லை. ஆனால் அத்தனை கூட்டத்துக்கு அப்பால், ஒரு வேனின் டிரைவர் ஜன்னலில் ஒரு விரல் சாய்ந்து, எழுந்து, நேராக நிற்கும். என்னைத்தான் கூப்பிடுகிறார் என்று உடனே தெரிந்துவிடும். நானும் கையை உயர்த்திக் காட்டுகிறேன்.